பச்சைத் தகரம்

தானா ராத்தா
9 மார்ச் 2024

அண்ணன் சசிதரனுக்கு,

நீ அம்மாவின் வீட்டைக் காடு என்று எழுதிக் கொடுத்துவிட்டாய்.

எஸ்டேட் மூன்றாம் டிவிஷன் ஆபீஸ் பலகையில் உங்கள் சர்வே கம்பெனியின் வரைபடத்தை ஒட்டியிருக்கிறார்கள். மூலையில் முத்திரை, அதன் கீழே சின்ன எழுத்தில் உன் பெயர். ஆற்றிலிருந்து மேட்டுக் காடு வரை ஒரே பச்சை. நம் லைன் வீடுகள் இருக்கிற இடமும் பச்சை. ஆறு வீட்டில் ஆட்கள் குடியிருக்கிறோம். அந்தப் பச்சையிலிருந்துதான் நான் தினமும் பஸ் பிடித்து இங்கே மருந்துக் கடைக்கு வேலைக்கு வருகிறேன். அந்தப் பச்சையில்தான் அம்மா இன்று காலை எனக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள்.

ஆபீசில் கணக்கு எழுதுகிற வேலப்பன் கிராணியிடம் கேட்டேன். "இது கார்பன் காடும்மா. எஸ்டேட் கம்பெனி இந்தக் காட்ட வெட்டாம காப்பாத்துது. காத்துல உள்ள கார்பன மரம் புடிச்சு வெச்சிருக்கில்ல, அந்தக் கணக்க வெளிநாட்டுக்காரனுக்கு விக்கிறாங்க" என்றார்.

"காட்டுக்குள்ள எங்க வீடு இருக்கே அங்கிள்?"

அவர் வரைபடத்தை விரலால் தட்டினார். "எங்க இருக்கு? காட்டு பாப்போம்." பிறகு அவரே சிரித்துக்கொண்டு, "உங்க அண்ணன் போட்ட மேப்புதானே லா. அவனையே போய்க் கேளு" என்றார்.

அதனால் கேட்கிறேன். ஜூன் கடைசிக்குள் உள்ளே கிடக்கிற 'சாமான்களை' அப்புறப்படுத்த வேண்டுமாம். நோட்டீசில் சாமான் என்றுதான் இருக்கிறது. ஆள் என்று இல்லை. உன் படத்தில் ஆள் இல்லையே, அவர்கள் ஏன் எழுதப் போகிறார்கள்?

போன் செய்யாதே, உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். போனில் நீ "பாக்கலாம், பாக்கலாம்" என்பாய். எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். லைனுக்குத் தபால் வருவதில்லை என்று உனக்குத் தெரியும். கடை விலாசத்துக்குப் போடு.

யுவனேஸ்வரி

---

ஷா ஆலாம்
17 மார்ச் 2024

அன்புள்ள யுவனா,

உன் கடிதத்தை ஆபீஸ் முகவரிக்கு அனுப்பியிருக்க வேண்டாம். ரிசப்ஷனில் இருக்கிற பெண் அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டாள். இனி உறையில் உள்ள வீட்டு முகவரிக்கு எழுது.

நீ நினைப்பதுபோல் நான் உட்கார்ந்து பேனாவால் வீட்டை அழிக்கவில்லை. வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி. டிரோன் காட்டின் மேல் கோடு கோடாகப் பறந்து ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கும். ஒவ்வொரு படமும் பக்கத்துப் படத்தின் மேல் முக்கால் பங்கு விழும்படி எடுப்பார்கள். ஒரே இலையைப் பல கோணங்களில் பார்ப்பதால் அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். அதிலிருந்து தரையின் உயரத்தைக் கழித்தால் மரத்தின் உயரம். டிரோன் ஓட்டுகிற ஹரிதாஸ் காட்டுக்குள் சில இடங்களில் நாடாவால் மரங்களின் சுற்றளவையும் அளந்து வருவான். இரண்டையும் வைத்து மரத்தின் எடை. எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். என் வேலை இவ்வளவுதான்.

நம் லைன் கூரையெல்லாம் பச்சைத் தகரம். மேட்டில் கண்ணாடி மேடையோடு தேநீர்க் கடை திறந்தார்களே, அங்கே நின்று படம் எடுக்கிற டூரிஸ்டுகளுக்குத் துருப்பிடித்த தகரம் தெரியக்கூடாது என்று எஸ்டேட் கம்பெனியே கொடுத்த பெயிண்ட். அதன் மேல் அம்மாவின் சௌசௌக் கொடி வேறு. பச்சை நிறம், ஓர் ஆளின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு. கம்ப்யூட்டருக்கு அது புதர். அதற்கு யார் வீடு என்று தெரியாது.

வரைபடம் போய்விட்டது. இனி மாற்றுவது என்றால் மேலதிகாரி, அவருக்கு மேலே எஸ்டேட் கம்பெனி, அதற்கும் மேலே கணக்கைச் சரிபார்க்கிற வெளி நிறுவனம். நான் சேர்ந்து இன்னும் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கொஞ்சம் பொறு. பார்க்கலாம்.

அம்மாவுக்கு முட்டி வலி மருந்து அனுப்பியிருக்கிறேன். நீ மருந்துக் கடையில்தான் இருக்கிறாய், ஆனாலும் அனுப்பினேன்.

சசி

---

தானா ராத்தா
24 மார்ச் 2024

அண்ணே,

'பார்க்கலாம்' என்ற சொல் தபாலிலும் வந்துவிட்டது.

கம்ப்யூட்டருக்கு யார் வீடு என்று தெரியாது. சரி. உனக்குமா தெரியாது? அந்தத் தகரத்தின் கீழே பதினெட்டு வருடம் படுத்தவன் நீ. மழை பெய்தால் எந்த இடத்தில் வாளி வைக்க வேண்டும் என்று தெரிந்தவன். உன் கணக்குப்படி அம்மாவின் வீட்டில் எத்தனை டன் கார்பன் இருக்கிறது? சமையலறையில் எவ்வளவு, சாமி மாடத்தில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

இன்னொன்று. டிரோன் பறந்தது ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று நான் கடையில் இருந்தேன். லைனில் எல்லோரும் இருந்தார்கள். மேலே பறந்து ஆயிரம் படம் எடுத்தும் ஒரு மனிதத் தலைகூடவா விழவில்லை? இந்த வாரம் பக்கத்து வீட்டு முருகையா மாமாவிடம் கேட்டேன். லோரி ஓட்டி ரிட்டயர் ஆனவர், எதையும் மறைக்கத் தெரியாது.

"மேல வண்டு மாதிரி சத்தம் கேட்டுச்சு. ஆபீஸ்காரனுங்கதான் நம்மள எண்ண வந்துட்டானுங்கன்னு நெனச்சோம். உங்கம்மாதான் மொதல்ல கொடித்துணிய உருவுனா. அடுப்ப அணைச்சா. நான் மோட்டார் சைக்கிள் மேல தார்ப்பாயப் போட்டுட்டு நாயத் தூக்கிக்கிட்டு உள்ள ஓடுனேன். சனியன் என் கையக் கடிச்சிருச்சு. இந்தா பாரு, தழும்பு."

அம்மாவிடம் கேட்டேன். அவளுக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை.

"ஆமா, ஒளிஞ்சோம். போன வருஷம் நாலாம் டிவிஷன்ல வீடு வீடா எண்ணிட்டுப் போனானுங்க. அடுத்த மாசம் கரண்டு வெட்டுனானுங்க. வேலையில இல்லாதவளுக்கு வீடு கெடையாதுன்னு சட்டம் பேசுனானுங்க. எண்ணுனா வெட்டுவானுங்க. உனக்கு என்னாடி தெரியும், நீ டவுன்ல ஏசில நிக்கறவ."

ஆக உன் படத்தில் துணி இல்லை, புகை இல்லை, ஆள் இல்லை. ஆனால் வீடு இருந்திருக்கும். ஒன்று மட்டும் கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் சொல். நீ அதைப் பார்த்தாயா, பார்க்கவில்லையா?

யுவனேஸ்வரி

---

ஷா ஆலாம்
7 ஏப்ரல் 2024

யுவனா,

பார்த்தேன்.

இதை எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. போன கடிதத்தில் நான் சொன்னது முழு உண்மை இல்லை. கம்ப்யூட்டர் நான்கு வீட்டைத்தான் புதர் என்றது. முருகையா மாமா வீட்டிலும் நம் வீட்டிலும் பெயிண்ட் உரிந்து துரு தெரிந்ததால் 'கட்டடம்' என்று சரியாகப் பிடித்துவிட்டது. அந்த இரண்டையும் நான்தான் கையால் பச்சை ஆக்கினேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொடிக்கம்பி காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா துணி துவைக்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. வாசலில் ஈரத்தடம் இருந்தது, துணி இல்லை. மோட்டார் மேல் தார்ப்பாய். எல்லோரும் ஒளிந்திருக்கிறார்கள் என்று உடனே புரிந்துவிட்டது. சித்தப்பா குடும்பம் பதிவில்லாமல் நம்மோடு இருந்தபோது மேனேஜர் வண்டி சத்தம் கேட்டால் அம்மா எல்லோரையும் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் தான் மட்டும் வாசலில் நிற்பாளே, அந்த ஞாபகம்தான் வந்தது.

அம்மா மறைத்ததை நான் எப்படிக் காட்டிக்கொடுப்பேன்? வீடு என்று போட்டால் எஸ்டேட் கேட்கும்: இந்த லைன் காலியாகி இருக்க வேண்டுமே, யார் இருக்கிறார்கள்? அப்புறம் எண்ணிக்கை. அப்புறம் கரண்டு. பச்சையாகப் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், இருக்கிற வரை இருந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நல்லதுக்குத்தான் செய்தேன். இதை நீ நம்ப வேண்டும்.

ஆட்கள் இருந்தால் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும், மாற்று வீடு கொடுக்க வேண்டும் என்று இந்தக் கார்பன் திட்டத்துக்கு ஒரு விதி இருக்கிறது. போன வாரம்தான் எனக்குத் தெரியும். படம் போடுகிறவனுக்கு அந்தப் பக்கங்களைக் காட்டுவதில்லை. நம் லைனில் இருக்கிற கார்பன் ஒன்றுமே இல்லை, அதைக் கழித்தாலும் கணக்கில் தெரியாது. அவர்களுக்கு வேண்டியது 'உள்ளே குடியிருப்பு இல்லை' என்ற ஒரு வரி. அதை அவர்கள் கேட்காமலே நான் கொடுத்துவிட்டேன்.

இப்போது போய் 'கையால் மாற்றினேன்' என்று சொன்னால் என்னை வேலையில் வைக்க மாட்டார்கள். வேறு எந்தக் கம்பெனியும் எடுக்காது. அம்மாவிடம் கேள். அவள் சொல்லு என்றால் சொல்கிறேன்.

சசி

---

தானா ராத்தா
14 ஏப்ரல் 2024

அண்ணே,

இன்று வருஷப் பிறப்பு. அம்மா பாயாசம் வைத்தாள். உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

'கையால் பச்சை ஆக்கினேன்' என்ற இடத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பாத்தியா, எம்மவனுக்குப் புரிஞ்சிருக்கு" என்றாள். முருகையா மாமாவையும் கூப்பிட்டுச் சொன்னாள். "அங்க உக்காந்துகிட்டு நம்ம வீட்ட மறைச்சிருக்கான் பாருங்கண்ணே." அவர், "பய கெட்டிக்காரன் லா" என்றார்.

எனக்குப் பாயாசக் கிண்ணத்தைத் தூக்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

மேனேஜர் முதலில் கூரைக்குப் பச்சை அடித்தான். அம்மா துணியை எடுத்துவிட்டு உள்ளே போனாள். மிச்சத்தை நீ முடித்தாய். இந்த மூன்றில் ஒன்றையாவது ஒருத்தர் செய்யாமல் இருந்திருக்கலாம். நாற்பது வருடம் கொழுந்து பறித்த பொம்பளை தன் வீட்டிலேயே திருடி மாதிரி ஒளிகிறாள், அதை நீ கணினியில் காப்பாற்றுகிறாய், அவள் அதைப் பெருமை என்கிறாள். எனக்கு உங்கள் இரண்டு பேர் மேலும்தான் முதலில் கோபம். மேனேஜர் அப்புறம்.

நீ அம்மாவைக் கேட்கச் சொன்னாய். கேட்டேன். "அவன் ஒண்ணும் எழுத வேணாம். அவன் வேல போயிட்டா நீயா அவனுக்குச் சோறு போடுவ?" என்றாள். அவள் அதைத்தான் சொல்வாள் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் அவளைக் கேட்கச் சொன்னாய். அவள் முந்தானைக்குப் பின்னால் இப்போது நீ நிற்கிறாய்.

அவளிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற விதி உன் கடிதத்திலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வேலப்பன் கிராணியிடம் போனேன். "குடியிருக்கறவங்ககிட்டதானே கேக்கணும்? மேப்புல யாரும் குடியிருக்கலையே" என்கிறார். சுற்றிச் சுற்றி உன் பச்சைக்குத்தான் வருகிறது.

நான் கேட்பது ஒரு வரி. 'இங்கே ஆறு வீடு இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள்.' கீழே உன் கையெழுத்து. கணக்கைச் சரிபார்க்கிறவர்களுக்கு அனுப்பு.

யுவனேஸ்வரி

---

ஷா ஆலாம்
3 மே 2024

யுவனா,

அவசரமாக எழுதுகிறேன்.

மேலதிகாரியிடம் பேசினேன். நான் செய்ததைச் சொல்லவில்லை. அந்தப் பகுதியில் தரை உயரம் சரியாக வரவில்லை, மறுபடி பறந்து பார்த்தால் நல்லது என்று மட்டும் சொன்னேன். ஒத்துக்கொண்டார். ஹரிதாஸ் இந்த மாதம் பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை காலையில் வருகிறான். லைனுக்கு மேலேயும் பறப்பான்.

அம்மாவையும் மற்றவர்களையும் வெளியே நிற்கச் சொல். துணி காயட்டும். அடுப்பு எரியட்டும். புதிய படத்தில் ஆள் தெரிந்தால் யாரும் மறுக்க முடியாது. பழையதில் நான் கைவைத்ததும் வெளியே வராது. படங்கள் என்னிடம்தான் வரும். தெளிவாக இருந்தால் நான் மாற்றிவிடுகிறேன்.

என்னைக் கோழை என்று நீ நினைப்பது தெரியும். என்னால் முடிந்த வழி இது.

சசி

---

தானா ராத்தா
19 மே 2024

அண்ணே,

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். படம் உன்னிடம் வரும்போது நீ எதைப் பார்க்கிறாய் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

கடைக்கு லீவு போட்டேன். முந்தின நாளே ஆறு வீட்டுக்கும் போய் வெளியே நிற்கச் சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். காலையில் ஹரிதாஸின் கெரித்தா ரோட்டில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஆறு கதவும் சாத்திக்கொண்டன. பல வருடப் பழக்கம், என் பேச்சா நிற்கும்? முருகையா மாமா ஜன்னலில் தலையை மட்டும் நீட்டி, "நீ போ லா, நான் நாயப் பாத்துக்கறேன்" என்றார்.

அம்மா கொடித்துணியை உருவிக்கொண்டு உள்ளே போனாள். நான் அவள் பின்னாலேயே போய் அலமாரியைத் திறந்து இருந்த சேலையெல்லாம் அள்ளிக்கொண்டேன். ஏணியைப் போட்டுக் கூரையில் ஏறினேன். சிவப்பு, மஞ்சள், ஊதா என்று ஒவ்வொன்றாகப் பச்சைத் தகரத்தின் மேல் விரித்து மூலையில் கல் வைத்தேன். சௌசௌக் கொடியையும் இழுத்துப் போட்டுவிட்டேன், அதற்கு வேறு திட்டு வாங்கினேன். டிரோன் என் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அம்மா வெளியே ஓடி வந்தாள். எனக்காக வரவில்லை.

"அடி பாவி, அது என் கூறச்சேலடி! தகரத்துல மாட்டிக் கிழிஞ்சா நீயா வாங்கித் தருவ? எறங்கு கீழ!"

"வீடு இருக்குன்னு தெரியட்டும்மா!"

"வீடு தெரியட்டும், சேல எதுக்குத் தெரியணும்?"

வாசலின் நடுவில் நின்று மேலே பார்த்துக் கத்துகிறாள். முருகையா மாமாவின் நாய் நழுவி ஓடி வந்து அவளோடு சேர்ந்து டிரோனைப் பார்த்துக் குரைக்கிறது. அதைப் பிடிக்க அவர் ஓடி வருகிறார், சட்டையில்லாமல். மற்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் கதவைத் திறந்தார்கள்.

லைன் ஓரத்தில் நின்று டிரோனை ஓட்டிக்கொண்டிருந்த ஹரிதாஸை அம்மா அப்போதுதான் கவனித்தாள். "தம்பி, நீங்க சசி கூட வேல செய்யறவங்களா?"

"ஆமா ஆன்ட்டி."

"இந்தப் போட்டோ அவன்கிட்டயா போவும்?"

"அவர்தான் ஒவ்வொண்ணா பாப்பாரு ஆன்ட்டி."

அம்மா கத்துவதை நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முடியை ஒதுக்கினாள். ஐசி அடையாள அட்டைப் போட்டோவுக்கு நிற்பதுபோல் கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்து நின்றாள். நீ போன தீபாவளிக்கும் வரவில்லை, அதற்கு முந்தின தீபாவளிக்கும் வரவில்லை. உன்னையே பார்ப்பதாக நினைத்துக்கொண்டு அவள் நின்றாள். ஹரிதாஸ் யாரும் சொல்லாமலே டிரோனைத் தாழ்த்தி இன்னொரு சுற்று விட்டான்.

நான் கூரை மேலேயே உட்கார்ந்திருந்தேன். என்னையும் பார்ப்பாய்.

தெளிவாக இருந்தால் மாற்றுகிறேன் என்றாய். இதைவிடத் தெளிவாக எங்களால் நிற்க முடியாது. எப்போது மாற்றுகிறாய் என்று எழுது.

யுவனேஸ்வரி

---

தானா ராத்தா
16 ஜூன் 2024

அண்ணே,

பதில் இல்லை. பிளாக்கை எடுத்துவிட்டேன், போனும் இல்லை.

புதிய வரைபடத்தை நேற்று ஆபீஸ் பலகையில் ஒட்டினார்கள். நம் லைன் இப்போது பச்சை இல்லை. வீட்டுக்கு நீங்கள் போடுகிற சிவப்பும் இல்லை. அந்த இடத்தை மட்டும் கத்தரியால் வெட்டியதுபோல் வெள்ளையாக விட்டிருக்கிறாய். ஓரத்தில் வெள்ளைக்கு அர்த்தம் போட்டிருக்கிறது: 'தகவல் இல்லை.'

வேலப்பன் கிராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "காடும் இல்ல, வீடும் இல்ல. நோட்டீசு அப்படியேதான்ம்மா இருக்கு" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

தகவல் இல்லையா? கூரை நிறைய சேலை. வாசலில் ஆள். நாய்கூட இருக்கிறது. நீ பொய்யும் சொல்லாமல், உண்மையும் சொல்லாமல், கை சுத்தமாக இருக்கிற ஒரு நிறத்தைக் கண்டுபிடித்திருக்கிறாய். உன் வேலை பத்திரம். எங்களுக்கு ஜூன் கடைசி.

அம்மாவுக்கு வரைபடம் புரியாது. நானும் சொல்லவில்லை. அவள் நான் வேலையிலிருந்து திரும்பும்போதெல்லாம் ஒன்றையே கேட்கிறாள். "சசி எழுதுனானா? போட்டோல நான் தெரியறேனாமா?"

நான் அவளுக்கு என்ன சொல்லட்டும்? தெரிகிறாளா, இல்லையா? உன் கையால் எழுது, கையெழுத்துப் போடு.

யுவனேஸ்வரி